பெட்ரோலின் ஆக்டேனுக்கு ஏற்ப டைமிங் வைப்பது: பழைய எஞ்சின்களுக்கான முழுமையான வழிகாட்டி

சித்திரை மாத நடுப்பகலில், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி சந்திப்பிலிருந்து டவுனுக்குப் போகும் ஒரு பழைய மாருதி 800, ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே இழுக்கும்போது, தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம் எழும். கியரைக் குறைத்தால் நின்றுவிடும். ஆக்சிலேட்டரைச் சற்றே தளர்த்தினாலும் நின்றுவிடும். "அண்ணாச்சி, ஏத்தத்துல மட்டும் என்னமோ தட்டுது, வால்வா இருக்குமோ?" என்று கேட்டுக்கொண்டு பட்டறைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு வால்வில் ஒரு குறையும் இருப்பதில்லை. அவர்கள் ஊற்றும் பெட்ரோலும் எஞ்சினில் வைத்திருக்கும் டைமிங்கும், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரமும், ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதே அந்தச் சத்தத்தின் பொருள்.

இந்த வழிகாட்டி பாயிண்ட் செட்டோ (திறக்கும்போது பொறியை எழுப்பும் தொடுமுனைகள்) டிஸ்ட்ரிபியூட்டரோ (பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) உள்ள, கையால் டைமிங் மாற்றக்கூடிய எஞ்சின்களுக்கானது: புல்லட், அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் மாருதி போன்றவை. நாக் சென்சரும் கணினியும் உள்ள இன்றைய கார்கள் தட்டலைத் தாமே உணர்ந்து தாமே டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். அவற்றில் கை வைக்க வேண்டியதில்லை.

பழைய வண்டியின் கையேட்டில் அச்சிட்டிருக்கும் டைமிங் அளவை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த அளவு எழுதப்பட்டபோது நம் பெட்ரோல் பங்குகளில் விற்றது வேறு. 87, 93 என்று எண் எழுதியிருந்த, ஈயம் கலந்த பெட்ரோல் பலருக்கும் நினைவிருக்கும். 2000ஆம் ஆண்டோடு ஈயம் நின்றது. அதன்பின் சாதாரண பெட்ரோலின் அளவு 88 ஆகவும், பிறகு 91 ஆகவும் உயர்ந்தது. இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 வந்திருக்கிறது. அதற்கான இந்தியத் தர அளவு குறைந்தது 95 ஆக்டேன். இடையில் 95, 97 என்ற பிரீமியம் வகைகளும், 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் கொண்டுவந்த 100 ஆக்டேன் வகையும் சேர்ந்துகொண்டன. எஞ்சின் அதேதான்; அதற்குள் எரிவது ஐந்தாறு முறை மாறிவிட்டது.

ஆக்டேன் எதைச் சொல்கிறது

ஆக்டேன் எண் பெட்ரோலின் வலிமையைச் சொல்வதில்லை. அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கி, பிளக்கின் பொறி வரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் பொறுத்திருக்கும் குணத்தையே அது சொல்கிறது. 1926இல் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் இந்த அளவுகோலை முன்வைத்தார்: எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0, தட்டாத ஐசோ ஆக்டேனுக்கு 100. 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை சோதனை எஞ்சினில் எந்த நிலையில் தட்டுமோ, அதே நிலையில் இந்தப் பெட்ரோலும் தட்டும் என்று பொருள். நம் நாட்டில் பெட்ரோல் பங்கில் எழுதியிருப்பது ஆர்.ஓ.என். எனப்படும் ஆராய்ச்சி ஆக்டேன் எண். அமெரிக்கக் காணொளிகளில் சொல்லும் எண் இரண்டு சோதனைகளின் சராசரி என்பதால், அங்கே 87 என்று சொல்லும் பெட்ரோல் ஏறத்தாழ நம் 91தான். அங்கே சொல்லும் அளவை அப்படியே இங்கே எடுத்துக்கொண்டு டைமிங்கைத் தாறுமாறாக்கியவர்கள் உண்டு.

பொறி விழுந்ததும் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை முழுதும் ஒரே நொடியில் வெடிப்பதில்லை. பிளக்கின் முனையில் தொடங்கிய தீ, வயலில் காய்ந்த தாளடி ஒரு வரப்பிலிருந்து மறு வரப்புக்குப் பற்றிக்கொண்டு போவதுபோல, சிலிண்டரின் மறுபக்கம் வரை நடந்து போக வேண்டும். அதற்கு நேரம் வேண்டும் என்பதால்தான் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறியைக் கொடுக்கிறோம். எரிந்த வாயுவின் உச்ச அழுத்தம், பிஸ்டன் உச்சியைத் தாண்டி, கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) சுமார் 15 டிகிரி திரும்பிய நிலையில் வந்து சேர்ந்தால், அந்த உதை கிராங்கைத் திருப்புவதற்கு முழுமையாகப் பயன்படும். பொறி மிகவும் முன்னதாக விழுந்தால், மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனின் தலையிலேயே அழுத்தம் கூடும். தீ இன்னும் போய்ச் சேராத மூலையில் இருக்கும் கலவை நசுங்கிச் சூடேறித் தானே ஒரே அடியாகப் பற்றும். அதுதான் தட்டல். பொறி தாமதமாக விழுந்தால் தட்டாது. ஆனால் தீ இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வு திறந்து, சைலன்சர் குழாய் பழுக்கும், வால்வு கருகும், எஞ்சின் சூடாகும், மைலேஜ் விழும்.

இந்த வேலையில் ஒரு டிகிரி எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் கை தானாக நிதானப்படும். எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது ஒரு நொடிக்கு 50 சுற்று, அதாவது 18,000 டிகிரி. ஒரு டிகிரிக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் பதினெட்டாயிரத்தில் ஒரு பங்கு. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், அதன் உடலை ஒரு டிகிரி திருப்பினால் எஞ்சினில் இரண்டு டிகிரி மாறிவிடும். உடலின் குறுக்களவு 70 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், எஞ்சினின் ஒரு டிகிரிக்கு அதன் விளிம்பு நகர வேண்டியது 0.3 மி.மீ. மட்டுமே. கண்ணளவில் "லேசாத் தட்டி விட்டேன்" என்று சொல்பவர் ஐந்தாறு டிகிரியை நகர்த்தியிருப்பார்.

இரண்டு எல்லைகள்

நான் இந்த வழிகாட்டியை எழுதுவதற்கே காரணமான செய்தி இதுதான். தட்டல் கேட்கும்வரை டைமிங்கை முன்னே தள்ளி, பிறகு சற்றுப் பின்னே இழுத்து வைப்பதே சரியான டைமிங் என்று நம் பட்டறைகளில் கற்றுக்கொடுக்கிறார்கள். பெட்ரோலின் ஆக்டேன் எஞ்சினுக்குப் போதாமல் இருந்த காலத்தில் அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு எஞ்சினுக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று தட்டல் தொடங்கும் எல்லை. அது பெட்ரோலின் ஆக்டேனைப் பொறுத்து நகரும். இன்னொன்று, அதற்குமேல் முன்னே தள்ளினாலும் இழுவிசை கூடாத எல்லை. அது எஞ்சினின் அறை வடிவத்தையும் தீ பரவும் வேகத்தையும் பொறுத்தது, ஆக்டேன் கூடினாலும் அது நகராது. இரண்டில் எது முதலில் வருகிறதோ அங்கே நிற்க வேண்டும்.

6.5க்கு 1 என்ற அழுத்த விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்ற அளவு) கொண்ட இரும்பு பேரல் புல்லட் 350க்கும், அதைப்போலவே குறைந்த அழுத்த விகிதமுள்ள பழைய அம்பாசடருக்கும் 95 ஆக்டேன் ஊற்றிவிட்டுத் தட்டும்வரை தள்ளுங்கள் என்று சொன்னால், தட்டல் வருவதற்கு வெகுமுன்பே இழுவிசையின் எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். சத்தம் இல்லை என்பதால் எல்லாம் சரியென்று தோன்றும். உண்மையில் ஏறிவரும் பிஸ்டனைத் தீ எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும். கிக் அடிக்கும்போது காலைத் திருப்பி உதைக்கும். எஞ்சின் வீணாகச் சூடாகும். அத்தகைய எஞ்சினுக்கு 100 ஆக்டேன் வாங்குவது பணத்தைத் தாமிரபரணியில் கரைப்பதற்குச் சமம். அழுத்த விகிதம் 8.5, 9 என்று உள்ள எஞ்சின்களில், அதுவும் சிலிண்டர் தலையைத் தேய்த்து அழுத்தத்தைக் கூட்டியவற்றில்தான், கூடுதல் ஆக்டேனும் அதற்கேற்ற டைமிங்கும் சேர்ந்து பலன் தரும்.

டைமிங்கைத் தொடுவதற்கு முன்

வேறு குறைகளை வைத்துக்கொண்டு டைமிங்கைத் திருப்பினால் ஒரு பிழையின் மேல் இன்னொரு பிழையை அடுக்குவதாகவே முடியும். முதலில் வால்வு இடைவெளியைச் சரிபார்க்கவும். பிளக் கையேட்டில் சொன்ன வெப்ப எண்ணிலேயே இருக்கிறதா என்று பார்க்கவும். தவறான பிளக்கின் முனை பழுத்து, பொறி வருமுன்பே கலவையைப் பற்றவைக்கும், அதைத் தட்டல் என்று நினைத்து டைமிங்கை இழுத்தால் தீராது. அறைக்குள் கரி படிந்திருந்தால் அழுத்தமும் கூடும், சூடும் தங்கும். ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். மானிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று ஒழுகினால் கலவை மெலிந்து (பெட்ரோலின் பங்கு குறைந்து), எவ்வளவு ஆக்டேன் ஊற்றினாலும் தட்டும்.

பாயிண்ட் இடைவெளியை எப்போதும் டைமிங்குக்கு முன்னால் வைக்க வேண்டும், பின்னால் அல்ல. இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் முன்னதாகவே திறக்கும், டைமிங் தானாக முன்னே போகும். குறைத்தால் பின்னே வரும். டைமிங்கைச் சரியாக வைத்துவிட்டு, கடைசியில் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியை மாற்றினால் செய்த வேலையெல்லாம் வீண்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு தானியங்கி வேலைகள் நடக்கின்றன. எடைகளும் ஸ்பிரிங்குகளும் வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னே தள்ளும். வேக்குவம் டயாஃப்ரம் (எஞ்சினின் உறிஞ்சலில் அசையும் சவ்வு) சுமை குறைவாக இருக்கும்போது மேலும் தள்ளும். ரோட்டாரைக் கையால் அது சுற்றும் திசையிலேயே திருப்பிவிட்டு விட்டால், ஸ்பிரிங் அதைத் தடையின்றித் திரும்ப இழுக்க வேண்டும். வேக்குவம் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினால் பாயிண்ட் தட்டு நகர வேண்டும். நாக்கால் குழாயை அடைத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. பழைய டிஸ்ட்ரிபியூட்டர்களில் ஒரு ஸ்பிரிங் தளர்ந்துபோய், 2000 சுற்றிலேயே முழு அட்வான்சும் (டைமிங் முன்னே போகும் அளவும்) வந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதை அப்படியே விட்டுவிட்டு அடிப்படை டைமிங்கை (இந்தத் தானியங்கி நகர்வு சேராத தொடக்க அளவை) இழுத்து வைப்பவர் நோயை விட்டுவிட்டு நிழலுக்கு மருந்து தடவுகிறார்.

உச்சியைக் கண்டுபிடித்து அளவுகோல் போடுவது

முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சி எங்கே என்பதைத் தொழிற்சாலைக் குறியை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. புல்லி மாற்றப்பட்டிருக்கலாம், ரப்பர் வைத்த புல்லியாக இருந்தால் வெளி வளையம் நழுவியிருக்கலாம். பிஸ்டன் உச்சியில் சில டிகிரி தூரம் ஏறக்குறைய அசையாமல் நிற்பதால், துளையில் கம்பியை விட்டு "இதுதான் மேலே" என்று மதிப்பிடுவதும் போதாது. பிளக் துளையில் திருகக்கூடிய ஒரு தடையைச் செய்துகொள்ளுங்கள்; பழைய பிளக்கின் பீங்கானை எடுத்துவிட்டு, முனை மழுங்கிய போல்ட்டை அதில் பொருத்தினால் போதும். எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் திருப்பி, பிஸ்டன் தடையில் முட்டும் இடத்தில் புல்லியில் ஒரு கோடு இடுங்கள். மறுபக்கம் திருப்பி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளியே உண்மையான உச்சி. தடையைக் கழற்ற மறந்து ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் போய்விடும் என்பதால், சாவியைத் தடையோடு சேர்த்துக் கட்டி வைப்பது என் வழக்கம்.

அடுத்து டிகிரி அளவுகோல். ஒரு நூலைப் புல்லியின் விளிம்பில் சுற்றிச் சுற்றளவை அளந்து 360ஆல் வகுக்கவும். சுற்றளவு 378 மி.மீ. என்றால் ஒரு டிகிரிக்கு 1.05 மி.மீ.; பத்து டிகிரிக்கு 10.5 மி.மீ. ஒரு தாள் பட்டையில் 0 முதல் 40 வரை இரண்டிரண்டு டிகிரியாகக் கோடிட்டு, உச்சிக் குறியிலிருந்து சரியான திசையில் ஒட்டவும். எஞ்சின் சுற்றும் திசையில் பார்த்தால், உச்சிக்கு முந்தைய அளவுகள் குறிமுள்ளை முதலில் கடக்க வேண்டும். வெயிலில் குறி தெரியாமல் தடுமாறாமல் இருக்க, 10, 20, 30 ஆகிய கோடுகளின் மேல் வெற்றிலைச் சுண்ணாம்பை விரல் நுனியால் ஒரு பொட்டு வைத்துக் காயவிடுவேன். டைமிங் லைட்டில் (பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கில்) அது பளிச்சென்று தெரியும்.

புல்லட்டில் நிற்கும் டைமிங்

புல்லட்டில் அளவை டிகிரியில் சொல்வதைவிட பிஸ்டன் உச்சிக்கு எத்தனை மி.மீ. கீழே இருக்கிறது என்று சொல்வதே வழக்கம். பாயிண்ட் உள்ள இரும்பு பேரல் வண்டிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு, அட்வான்ஸ் எடைகள் மூடிய நிலையில் உச்சிக்கு 0.8 மி.மீ. முன். 90 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு இது ஏறத்தாழ 9 முதல் 10 டிகிரி. இதே அளவை 0.4 மி.மீ. என்று வைத்துவிட்டால் ஏறத்தாழ 3 டிகிரி குறைந்துவிடும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பிழை, ஏற்றத்தில் இழுக்கும் வண்டிக்கும் இழுக்காத வண்டிக்கும் உள்ள வித்தியாசமாகிறது.

பாயிண்டை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்துக்கொள்ளவும். பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் அசைத்தால் பிஸ்டன் மயிரிழை மயிரிழையாக நகரும். இரண்டு வால்வும் மூடியிருக்கும் சுற்றில், டயல் கேஜால் (நுண்ணிய நகர்வை அளக்கும் கருவியால்) உச்சியைக் கண்டு, 0.8 மி.மீ.க்கும் சற்று அதிகமாகப் பின்னே கொண்டுபோய், பிறகு ஓடும் திசையிலேயே முன்னே வந்து 0.8 மி.மீ.யில் நிறுத்துங்கள். பின்திசையில் வந்து நிறுத்தினால் பல்சக்கரங்களின் தளர்வு அளவைக் கெடுக்கும். இப்போது சிகரெட் தாளை ஒரு கீற்றாகக் கிழித்துப் பாயிண்டுகளுக்கு நடுவில் செருகி, இரண்டு விரலால் மெல்ல இழுத்தபடியே, தட்டின் திருகுகளைத் தளர்த்திப் பாயிண்ட் தட்டைத் திருப்புங்கள். தாள் பிடிவிட்டு நழுவும் அந்த நொடியில் பாயிண்ட் திறக்கிறது. அங்கே திருகை முடுக்கி, சக்கரத்தைப் பின்னே உருட்டி மீண்டும் முன்னே கொண்டுவந்து, தாள் அதே இடத்தில் நழுவுகிறதா என்று இரண்டு முறை பார்க்கவும். முடுக்கும்போது தட்டு சற்று நகர்ந்துவிடும். மூன்றாவது முறையில்தான் பெரும்பாலும் சரியாக அமையும்.

காரில் டைமிங் லைட்டால் வைப்பது

எஞ்சினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவரவும். வேக்குவம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிடவும். ஐடிலை (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது ஓடும் வேகத்தை) கையேட்டு அளவுக்கு இறக்கவும். ஐடில் அதிகமாக இருந்தால் எடைகள் விரியத் தொடங்கி, நீங்கள் பார்ப்பது அடிப்படை டைமிங்காக இராது. லைட்டின் கிளிப்பை முதல் பிளக்கின் ஒயரில் மாட்டவும். டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப் போல்ட்டை, உடல் கையால் திருப்பினால் இறுக்கமாகத் திரும்பும் அளவுக்கு மட்டும் தளர்த்தவும். ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராக உடலைத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிட்டார்டு (டைமிங் பின்னே வரும்).

ஐடிலில் கையேட்டு அளவை வைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றிக் குறி நகர்வதைப் பாருங்கள். அது சீராக நகர்ந்து, 3000 சுற்றை ஒட்டி ஓரிடத்தில் நிற்கும். இந்தப் பழைய கார்புரேட்டர் எஞ்சின்களில் அந்த மொத்த அளவு பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டி அமையும். உங்கள் எஞ்சினில் அது எத்தனை என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சினை உடைப்பதும் காப்பதும் ஐடில் அளவைவிட இந்த மொத்த அளவுதான். ஏனென்றால் வேகத்தில் வரும் தட்டல், காற்றிலும் டயரின் இரைச்சலிலும் காதுக்கு எட்டாது.

சாலையில் சோதிப்பது

இனி டைமிங்கை நீங்கள் ஊற்றும் பெட்ரோலுக்கு இசைக்கலாம். டாங்கியைக் கிட்டத்தட்டக் காலியாக்கி, ஒரே வகைப் பெட்ரோலை நிரப்பி, முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகே தொடங்கவும். கலந்த பெட்ரோலில் செய்த சோதனைக்கு மதிப்பில்லை.

கையேட்டு அளவிலிருந்து 2 டிகிரி பின்னே வைத்துத் தொடங்குங்கள். வண்டி குறைவான, சமமான ஒரு சாலையைத் தேர்ந்துகொண்டு, மூன்றாம் கியரில் 30 கி.மீ. வேகத்திலிருந்து முழு ஆக்சிலேட்டரில் 60ஐத் தொட எத்தனை நொடி ஆகிறது என்று அருகில் இருப்பவரைக் கடிகாரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். காற்றின் பாதிப்பு நீங்க, போக்கிலும் வரவிலும் பார்த்துச் சராசரி எடுக்கவும். பிறகு 2 டிகிரி முன்னே. மீண்டும் அதே சோதனை. நேரம் குறையும். மறுபடி 2 டிகிரி. குறைவது சிறுத்துக்கொண்டே வரும். இனி ஒவ்வொரு டிகிரியாகப் போங்கள். நேரம் குறையாமல் நின்றுவிட்டால், தட்டல் கேட்காவிட்டாலும் அதுவே எல்லை. நேரம் கடைசியாகக் குறைந்த அளவுக்குத் திரும்பி வந்துவிடுங்கள். அதற்கு முன்பே தட்டல் கேட்டால் அதுதான் எல்லை. அங்கிருந்து 2 முதல் 3 டிகிரி பின்னே இழுத்து வையுங்கள்.

சுமையிலும் சோதிக்க வேண்டும். நம் பக்கத்தில் அதற்கு மலை ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனி, ஆடி மாதங்களில் வள்ளியூர் தாண்டிக் காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் போனால், முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று நேர் எதிரே நின்று வண்டியைத் தள்ளும். டாப் கியரில் அந்தக் காற்றை எதிர்த்து ஏழெட்டு கிலோமீட்டர் இழுப்பது ஒரு நீண்ட ஏற்றத்துக்குச் சமம். கண்ணாடியை இறக்கிவிட்டு, சாலையோரத் தடுப்புச் சுவரை ஒட்டிச் செல்லும்போது காது கொடுங்கள். எஞ்சினின் சத்தம் சுவரில் பட்டுத் தெளிவாகத் திரும்பிவரும். பிறகு சாவியை அணைத்து, வண்டியை ஓரமாக உருட்டி நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவியதுபோலக் கரும்புள்ளிகளோ, அலுமினியத்தின் பளபளக்கும் நுண்துகள்களோ தெரிந்தால், காதுக்குக் கேட்காவிட்டாலும் உள்ளே தட்டியிருக்கிறது. உடனே 3 டிகிரி பின்னே இழுத்துவிடவும்.

எந்தப் பெட்ரோலுக்கு எவ்வளவு

தட்டல்தான் எல்லையாக இருக்கும் எஞ்சினில், ஆக்டேன் ஒரு புள்ளி குறைந்தால் ஒரு டிகிரி வரை பின்னே இழுக்க வேண்டியிருக்கும் என்பதைத் தொடக்கக் கணக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம். 95இல் 10 டிகிரி அடிப்படை டைமிங்கில் நன்றாக ஓடும் எஞ்சினை 91க்கு மாற்றும்போது 6இல் தொடங்கிச் சோதிப்பது பாதுகாப்பானது. இழுவிசைதான் எல்லையாக இருக்கும் எஞ்சினில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இ20 தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. எத்தனால் தட்டலை நன்றாகத் தாங்கும். ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கவும் செய்யும். ஆனால் தூய பெட்ரோலில் 1 கிலோ எரிபொருளுக்கு 14.7 கிலோ காற்று என்றால், இ20க்கு அது சுமார் 13.5தான். அதாவது அதே காற்றுக்கு எடையில் சுமார் 9 விழுக்காடு கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது. பழைய ஜெட் (பெட்ரோல் பாயும் துளை) அளவிலேயே ஊற்றும். கலவை மெலிந்து, வண்டி தயங்கும், வெடவெடக்கும், சூடாகும். இதைப் பார்த்துவிட்டு டைமிங்கை முன்னே தள்ளினால் இழுவை சற்று மீண்டதுபோலத் தோன்றும், அங்கேதான் ஆபத்து. மெலிந்த கலவையும் மிகுந்த அட்வான்சும் சேர்ந்தால் பிஸ்டன் தாங்காது. முதலில் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி, பிளக் வெளிர்பழுப்பு நிறத்துக்கு வந்த பிறகே டைமிங்கைத் தொடுங்கள். எத்தனாலைத் தாங்காத பழைய ரப்பர் குழாய்களையும் டயாஃப்ரத்தையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

தினமும் ஊற்றும் பெட்ரோலுக்கே டைமிங் வைக்க வேண்டும் என்பதை நான் ஒரு பிஸ்டனைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் மாருதி 800க்குப் பல மாதங்கள் பிரீமியம் பெட்ரோலே ஊற்றி, தட்டல் தொடங்கும் இடத்தை ஒட்டி டைமிங் வைத்திருந்தேன். ஒரு பங்குனிப் பகலில் குடும்பத்தோடு குற்றாலம் போகும் வழியில், அம்பாசமுத்திரத்தைத் தாண்டுமுன் டாங்கி வற்றி, கிடைத்த இடத்தில் சாதாரண பெட்ரோலை நிரப்பினேன். பாட்டுச் சத்தத்தில் எஞ்சினின் சத்தம் கேட்கவில்லை. கடையத்தை நெருங்கும்போது பின்கண்ணாடியில் நீலப்புகை தெரிந்தது. பிரித்துப் பார்த்தபோது இரண்டாம் சிலிண்டரில், முதல் ரிங்குக்கும் அடுத்த ரிங்குக்கும் இடையிலுள்ள பிஸ்டன் விளிம்பு உடைந்து, நொய்யரிசி அளவுத் துண்டு ஒன்று எண்ணெய்த் தட்டில் கிடந்தது. கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி 4 டிகிரி பின்னே திருப்ப ஐந்து நிமிடம் போதும்; அந்த ஐந்து நிமிடத்தை நான் அன்று எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வகைப் பெட்ரோலையும் மாற்றி மாற்றி ஊற்றுபவர்கள், இரண்டில் தாழ்ந்ததற்கே டைமிங் வையுங்கள். பயணத்தில் வேறு வழியின்றித் தாழ்ந்த பெட்ரோலை நிரப்பினால், டிஸ்ட்ரிபியூட்டரில் வகைக்கு ஒன்றாக இரண்டு கோடுகளை முன்பே கீறி வைத்திருந்து, தாழ்ந்த பெட்ரோலுக்கான கோட்டுக்குத் திருப்பிவிட்டுப் புறப்படுங்கள்.

பருவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்காற்று குளிர்ந்தும் ஈரத்தோடும் இருப்பதால் தட்டல் எளிதில் வராது. அந்த நாள்களில் எல்லையை ஒட்டி வைத்த டைமிங், சித்திரை வெயிலில் பாளையங்கோட்டைச் சாலைகளில் நிச்சயம் தட்டும். ஆகவே சோதனையைக் கோடையிலேயே செய்யுங்கள்; மழைக்காலத்தில் செய்ய நேர்ந்தால், கிடைத்த எல்லையிலிருந்து வழக்கத்தைவிட 2 டிகிரி கூடுதலாகப் பின்னே வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கிளாம்ப்பை முடுக்கி, வேக்குவம் குழாயை மாட்டி, லைட்டால் ஒருமுறை மீண்டும் பார்க்கவும், முடுக்கும்போது நகர்ந்திருக்கும். வேக்குவம் மாட்டிய பிறகு, நிதான வேகத்தில் பாதி ஆக்சிலேட்டரில் மட்டும் தட்டினால், அடிப்படை டைமிங்கைத் தொடாமல் வேக்குவம் அட்வான்சைச் சரிபார்க்க வேண்டும். அடிப்படை, மொத்தம், பெட்ரோல் வகை, ஜெட் எண், தேதி ஆகியவற்றைத் தாளில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பாயிண்டின் குதிகால் கேம் மேல் உரசித் தேயத் தேய இடைவெளி சுருங்கி, டைமிங் தானாகவே பின்னே நழுவும். கேம் மேல் கடுகளவு கிரீஸ் தடவி வையுங்கள். புதிய பாயிண்ட் போட்டிருந்தால் 500 கிலோமீட்டரிலும், அதன்பின் 3000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் முதலில் இடைவெளியையும் பிறகு டைமிங்கையும் பார்த்து, அந்தத் தாளிலேயே அடுத்த வரியில் எழுதுங்கள்.